மஞ்சள் படலத்தின் பக்குவம்

வணக்கம் நேயர்களே. சூரியக்கலத்துக்கான கட்மியம் சல்பைட்டுப் படலத்தைக் கரைசலிலிருந்து கண்ணாடிமேல் வளர்ப்பது பற்றி இன்று பேசுவோம். உயர்தரத்தில் இரசாயனம் படித்தவர்களுக்குக் கட்மியம் சல்பைட்டின் மஞ்சள் நிறம் நினைவிருக்கும். கட்மியம் உப்புக் கரைசலுக்குள் ஐதரசன் சல்பைட்டு வாயுவைச் செலுத்தியதுமே வீழ்படிவு இறங்கிவிடும். அயனை அடையாளங்காண அது போதும். சூரியக்கலத்துக்கோ அந்தத் தூள் உதவாது. கண்ணாடியோடு ஒட்டிய, 50 முதல் 80 நனோமீற்றர் தடிப்புள்ள படலம் வேண்டும். கட்மியம், சல்பைட்டு ஆகிய இரண்டு அயன்களும் சிறுகச் சிறுகச் சந்தித்தால்தான் அது கிடைக்கும். கட்மியத்தை அமோனியா பிடித்துவைத்திருக்கும். கந்தகம் கொண்ட சேர்வையான தயோயூரியா காரத்தில், சூட்டில், சல்பைட்டை மெல்ல மெல்ல விடும்.

100 மில்லிலீற்றருக்கு அளவு சொல்கிறேன். 80 மில்லிலீற்றர் காய்ச்சி வடித்த நீரில் கட்மியம் அசற்றேற்று 0.05 கிராம், அமோனியம் அசற்றேற்று 0.15 கிராம் கரையுங்கள். செறிந்த அமோனியா 10 மில்லிலீற்றர் விடுங்கள். கலங்கினால் அது வெண்ணிற ஐதரொட்சைட்டு. முழு அளவும் சேர்ந்தபின் தெளிந்திருக்க வேண்டும். கழுவிய கண்ணாடியை முகவைச் சுவரில் சாய்த்து நிறுத்துங்கள். படுக்கவைத்தால் மிதக்கும் தூள் அதன்மேல் குந்திவிடும். கரைசல் 70 பாகை செல்சியஸுக்கு வந்தபின், மீதி 10 மில்லிலீற்றர் நீரில் கரைத்த 0.15 கிராம் தயோயூரியாவைக் கடைசியாகச் சேருங்கள்.

இனி நிறத்தைக் கவனியுங்கள். தெளிந்த கரைசல் இளமஞ்சளாகும்; பிறகு கலங்கத் தொடங்கும். கலங்கல் தடிக்குமுன் கண்ணாடியை எடுத்துக் கழுவ வேண்டும். காத்திருந்தால் கரைசலுக்குள்ளே உருவான துகள்கள் படலத்தில் ஏறும். விரல் பட்டாலே உதிரும்.

பலரும் பிழைவிடுவது முகவையை மூடாமல் விடுவதில்தான். திறந்த முகவையிலிருந்து அமோனியா பறந்துபோனால் கட்மியம் விடுபடும், வேகம் கூடும், தூள்தான் மிஞ்சும். அமோனியா மிகுந்தாலோ படலம் வளரவே மாட்டாது. மலைநாட்டு நுவரெலியாக் குளிரில் இன்னொன்றும் உண்டு: சூடாக்கியின் குமிழ் 70 காட்டும், முகவைக்குள் அவ்வளவு இராது. வெப்பமானியைக் கரைசலுக்குள்ளேயே வையுங்கள். கொதிநீரை 100 பாகை என்று எண்ணியும் கணக்குப் போட வேண்டாம். அந்த உயரத்தில் நீர் ஏறத்தாழ 94 பாகையிலேயே கொதிக்கும்.

கையுறை அணிந்து, ஆவியை வெளியே இழுக்கும் அலுமாரிக்குள்ளேதான் இதைச் செய்ய வேண்டும். கட்மியம் சிறுநீரகத்தைக் கெடுக்கும் நஞ்சு. மலைநாட்டு ஓடைகள் பல மகாவலி ஆற்றில் சேர்கின்றன. அதனால் ஒரு துளிகூடக் கழுவுதொட்டிக்குள் போகக் கூடாது. மிஞ்சிய கரைசலைத் தொடர்ந்து சூடாக்கினால் எஞ்சிய கட்மியத்தின் பெரும்பகுதியும் மஞ்சளாக இறங்கும். ஓர் இரவு அடையவிட்டு வடிகட்டி, மண்டியையும் வடிநீரையும் வெவ்வேறு போத்தல்களில் பெயரொட்டி வையுங்கள். அந்த மண்டியில் அமிலம் படவே கூடாது. ஐதரசன் சல்பைட்டு கிளம்பும்.