இதில் நீங்கள் செய்தது எது?

நேயர்களுக்கு வணக்கம்.

வரைகலை, அனிமேஷன், விளம்பர வாசகம் என்று எந்தப் படைப்புத் துறையில் வேலை தேடிப் போனாலும் சான்றிதழுக்கு முன்னால் கேட்பது போர்ட்ஃபோலியோவை, அதாவது நாம் செய்த வேலைகளின் தொகுப்பைத்தான். என் முதல் நேர்காணலுக்கு நான் 40 வேலைகளைச் சுமந்துகொண்டு போனேன். எதிரில் இருந்தவர் மளமளவென்று புரட்டி, ஒரு புத்தக அட்டையில் நின்றார். "நன்றாக இருக்கிறதே, இதில் நீங்கள் செய்தது எது?" என்றார். ஓவியம் இன்னொருவர் வரைந்தது. எழுத்துருவும் பக்க அமைப்பும் என்னுடையவை. அதைச் சொல்ல வெட்கப்பட்டு, "எல்லோரும் சேர்ந்து செய்தோம்" என்று மழுப்பினேன். அவர் மூடி வைத்துவிட்டார்.

இப்போது நான் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறேன். என் கேள்வியும் அதேதான். குழுவாகச் செய்த வேலையைக் காட்டுவதில் தவறே இல்லை. யார் எதைச் செய்தார் என்று எழுதாமல் விடுவதுதான் சந்தேகத்தைக் கிளப்புகிறது. ஒவ்வொரு வேலைக்கும் கீழே நாலு வரி போதும். வாடிக்கையாளர் என்ன கேட்டார், எங்கே சிக்கியது, நீங்கள் என்ன முடிவெடுத்தீர்கள், கூட இருந்தவர்கள் யார். முடிந்தால் நிராகரித்த வரைவு ஒன்றையும் பக்கத்தில் வையுங்கள். முடிந்த வேலையில் உங்கள் கைத்திறன் தெரியும். எதை, ஏன் விட்டீர்கள் என்பது அந்த வரைவில்தான் தெரியும். எனக்கு அதுதான் முக்கியம்.

எத்தனை வேலைகள் வைக்கலாம்? என்னைக் கேட்டால் 10 போதும். சுமாரான ஒன்று நடுவில் இருந்தால், இவருக்கு நல்லது எது என்றே பிடிபடவில்லையோ என்று தோன்றிவிடும். சிறந்ததை முதலில் வையுங்கள், அடுத்ததைக் கடைசியில். காணொளித் தொகுப்பு என்றால் 2 நிமிடத்தைத் தாண்ட வேண்டாம். ரகசியம் காப்பதாக வாடிக்கையாளரிடம் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட வேலையை அனுமதி இல்லாமல் காட்டாதீர்கள்; அவர்கள் ரகசியத்தை இங்கே காட்டுபவர் நாளை எங்களுடையதை வேறிடத்தில் காட்ட மாட்டார் என்று எப்படி நம்புவது?

அப்புறம் சில சில்லறை விஷயங்கள். ஜிமெயிலில் 25 எம்பிக்கு மேல் இணைப்பாகப் போகாது, அதனால் பிடிஎஃப்பைச் சுருக்குங்கள். அச்சுக்கான சிஎம்ஒய்கே நிறத்தில் சேமித்த படம் திரையில் மங்கித் தெரியக்கூடும். திரைக்கென்று ஆர்ஜிபியில் ஒரு பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். கோப்புக்கு உங்கள் பெயரையே வையுங்கள். "ஃபைனல் புதுசு 3" என்று வந்த கோப்பு யாருடையது என்று நான் தேடிய நாட்கள் உண்டு.

கோப்புக்குப் பதிலாக இணைய முகவரியை (லிங்க்) அனுப்புகிறவர்கள் அதை முதலில் உலாவியின் இன்காக்னிட்டோ சாளரத்தில், அதாவது உங்கள் கணக்கில் உள்நுழையாத தனிச் சாளரத்தில், திறந்து பாருங்கள். உங்கள் கணினியில் நீங்கள் ஏற்கெனவே உள்நுழைந்திருப்பீர்கள், எல்லாம் சரியாகத் திறக்கும். மற்றவர்கள் பார்க்க நீங்கள் அனுமதி கொடுக்காமல் விட்டிருந்தால், எங்களுக்கோ "அனுமதி கோருக" என்ற பொத்தான் மட்டும்தான் வரும். சரி, அழுத்துவோம் என்று அழுத்திவிட்டு அடுத்தவருடையதைத் திறந்துவிடுவோம்.

நன்றி, வணக்கம்.