மண்கட்டியைத் தண்ணீரில் போட்டுப் பாருங்கள்

வணக்கம் நேயர்களே. முதலில் உங்களுக்கு ஒரு சின்ன வேலை. இரண்டு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். வருடக்கணக்காக வெறும் ரசாயன உரத்தில் ஓடும் வயலிலிருந்து காய்ந்த மண்கட்டி ஒன்று, வரப்போரத்துப் புங்கமரத்தடியிலிருந்து இன்னொன்று. மெதுவாக உள்ளே விடுங்கள். வயல் கட்டி பெரும்பாலும் சில நிமிடத்தில் பொலபொலவென்று உதிர்ந்து சேறாகப் படியும். மரத்தடிக் கட்டி அசையாமல் உட்கார்ந்திருக்கும். அதைக் கட்டிப் பிடித்திருப்பதில் பெரும்பங்கு மக்குக்கு.

இலை, சாணம், வேர் எல்லாவற்றையும் நுண்ணுயிர்கள் தின்றது போக மிஞ்சும் கருப்புப் பொருள்தான் மக்கு. மண்துகளை ஒட்டவைத்து, நடுவில் காற்றுக்கும் ஈரத்துக்கும் இடம் விடும். பொட்டாஷ், சுண்ணாம்புச் சத்துகளையும் பிடித்துவைத்து வேருக்குக் கொடுக்கும். செம்மண்ணில் இருக்கும் களிக்கு இந்தப் பிடிமானம் குறைவு. அதே எடை மக்குக்குப் பத்து மடங்குக்கு மேல்.

கரிசல்காரர்கள் சிரிக்க வேண்டாம். மண் கருப்பாக இருந்தாலே மக்கு நிறைய என்று அர்த்தமில்லை. மண் பரிசோதனையில், மக்கின் அளவைக் காட்டும் கரிமச்சத்து 0.5 சதவீதத்துக்குக் கீழே வந்தால் 'குறைவு' என்று எழுதுவார்கள். நம் கரிசல் பலவும் அந்தக் கணக்கில்தான் வருகிறது. உக்ரைனின் கருப்பு மண், குளிரில் மக்கைச் சேர்த்துவைத்த மண். நம் வெயில் அப்படி விடாது, தின்று தீர்த்துவிடும். ஒரு வருடம் குப்பை அடித்துவிட்டு ஐந்து வருடம் சும்மா இருந்தால் என்ன மிஞ்சும்?

அப்புறம், போட்டதெல்லாம் உடனே மக்காகிவிடாது. நானே ஒருமுறை காய்ந்த வைக்கோலை மடக்கி உழுதுவிட்டு அடுத்த வாரமே நாற்று நட்டேன். பத்தே நாளில் பயிர் வெளுத்துவிட்டது. வைக்கோலில் ஒரு பங்கு தழைச்சத்துக்கு, அதாவது நைட்ரஜனுக்கு, கரிமம் சுமார் எண்பது பங்கு. அதைத் தின்ன வந்த நுண்ணுயிர்கள், போதாத தழைச்சத்தை மண்ணிலிருந்து எடுத்துக்கொண்டன. பயிருக்குப் பட்டினி. மக்கில் அந்தக் கணக்கு ஒன்றுக்குப் பத்து, பன்னிரண்டுதான்.

பசுந்தாள் உரத்துக்காக விதைக்கும் தக்கைப்பூண்டை 45 நாளில், பூவெடுக்கும்போது மடக்கினால் இந்தத் தொல்லை இல்லை. தண்டு முற்றவிட்டால் மறுபடி வைக்கோல் கதைதான். தண்ணீர் வசதி இல்லாதவர்களுக்குக் கொளுஞ்சி இருக்கிறது. ஆடுமாடு வாய் வைக்காது. விழுந்த விதையே மறுவருடமும் முளைக்கும். விதைத்தோல் மட்டும் கொஞ்சம் கெட்டி. மணலோடு சேர்த்து லேசாக இடித்துவிட்டு விதையுங்கள்.