படம் திறந்திருக்கு, ஃபைல் எங்க? 'சேவ் ஆஸ்' போட்டுத் தேடாதீங்க மக்களே!

வணக்கம் மக்களே. இன்னைக்குக் கொஞ்சம் கடுப்புலதான் உக்காந்திருக்கேன். போட்டோ சைஸ் குறைக்கிற வீடியோ போட்டோம்ல, அதுக்குக் கீழ பாதி கமெண்ட் ஒரே புலம்பல்தான். "பெயின்ட்ல குறைச்சேன், சேவ் பண்ணேன், அப்ளிகேஷன்ல அப்லோட் பண்ணப் போனா ஃபைலையே காணோம்." அதுக்கு இன்னொருத்தர் பதில் போடுறார், "சேவ் ஆஸ் கொடுங்க, எந்த ஃபோல்டர்னு தெரிஞ்சிடும்." அந்தப் பதிலுக்கு லைக் வேற குவியுது.

இந்த சேவ் ஆஸ் வைத்தியம் எனக்கு ஆகவே ஆகாதுன்னு ரெகுலரா பாக்குறவங்களுக்குத் தெரியும். நிறைய ஆப், சேவ் ஆஸ் கொடுத்தா அந்தப் படம் இருக்கிற ஃபோல்டரைத்தான் காட்டும், இல்லேங்கல. ஆனா சில ஆப் நீங்க கடைசியா எங்க சேவ் பண்ணீங்களோ அந்த இடத்தைக் காட்டும். ரெண்டுல எது நடக்குதுன்னு திரையைப் பாத்து உங்களால சொல்ல முடியாது. இன்னொண்ணு, கை தவறி என்டர் தட்டி, ரீப்ளேஸ் பண்ணவான்னு கேக்கும்போது எஸ்ஸும் கொடுத்துட்டா, ஜேபெக் படம் மறுபடி கம்ப்ரஸ் ஆகி அதே பேர்ல உக்காந்துக்கும். தரம் குறையும், பழையது திரும்ப வராது. இடம் தெரிஞ்சுக்கப் போய் படத்தைக் கெடுத்துக்கணுமா?

சரி, இப்போ ஸ்க்ரீன் பாருங்க. விண்டோஸ் 11, போட்டோஸ் ஆப். டைட்டில்ல வெறும் ஃபைல் பேர்தான் இருக்கு, ஃபோல்டர் பேர் கிடையாது. படத்து மேல ரைட் கிளிக். இந்த லிஸ்ட்ல 'ஓப்பன் இன் ஃபைல் எக்ஸ்ப்ளோரர்' இருக்கு பாருங்க, அதைத் தட்டினா ஃபோல்டர் திறந்துக்கும். முடிஞ்சது. மவுஸ் வேண்டாம்னா ஆல்ட், என்டர் ரெண்டையும் சேர்த்து அழுத்துங்க. பக்கத்துல ஒரு பட்டை வரும், தேதி, சைஸ், கேமரா விவரம் எல்லாத்தோட ஃபோல்டர் பாத்தும், அதாவது ஃபைல் எந்த ஃபோல்டருக்குள்ள எந்த ஃபோல்டர்ல இருக்குங்கிற முகவரியும், அதுலயே இருக்கும். விண்டோஸ் 7ல இருந்த பழைய போட்டோ வியூவர்ல ரைட் கிளிக் பண்ணா 'ஓப்பன் ஃபைல் லொகேஷன்'னு நேரா எழுதியிருக்கும். எனக்கு இன்னும் அதுதான் பிடிக்கும், என்ன பண்றது.

ஃபோல்டர் திறந்ததும் வீடியோவை மூடிட்டுப் போயிடாதீங்க. அந்த முழு பாத்தை ஒரு தடவை படிங்க. ஃபைல் காணாமப் போறதுக்கான பதில் அதுலதான் இருக்கு. மேல இருக்கிற அட்ரஸ் பாரை மட்டும் நம்பாதீங்க, அது பாதியைச் சுருக்கி வெறும் 'பிக்சர்ஸ்'னு காட்டும். ஃபைலை ஒரு கிளிக் பண்ணிட்டு கன்ட்ரோல், ஷிஃப்ட், சி. இல்லேன்னா ரைட் கிளிக் பண்ணி 'காப்பி ஆஸ் பாத்'. நோட்பேட்ல பேஸ்ட் பண்ணிப் பாருங்க, முழுசா வரும். விண்டோஸ் 10 வச்சிருக்கவங்க ஷிஃப்டை அழுத்திக்கிட்டே ரைட் கிளிக் பண்ணணும், அப்போதான் அந்த ஆப்ஷனே தெரியும்.

அந்த பாத்ல 'ஆப்டேட்டா', 'டெம்ப்' இந்த ரெண்டு பேர்ல எது இருந்தாலும் உஷாராயிடுங்க. உங்க படம் பெரும்பாலும் தற்காலிகக் காப்பி. இது எப்படி ஆகும்னா, மெயில்ல ஒரு ஜிப் வரும், அதாவது பல ஃபைலைச் சுருக்கி ஒண்ணா மூட்டை கட்டினது, அதை எக்ஸ்ட்ராக்ட் பண்ணி வெளிய எடுக்காம உள்ள போய் படத்தை டபுள் கிளிக் பண்ணுவீங்க. விண்டோஸ் அந்த ஒரு படத்தை மட்டும் உருவி, யூசர்ஸ், உங்க பேர், ஆப்டேட்டா, லோக்கல், டெம்ப்னு ஒரு மூலைல போட்டுத் திறக்கும். நீங்க அதுல வேலை பாத்து சேவ் கொடுத்து, அது சேவ் ஆனாலும் அந்த டெம்ப் காப்பிலதான் ஆகும். ஜிப்புக்குள்ள இருக்கிறது பழைய படமாவே இருக்கும். ஆப்டேட்டா மறைச்சு வச்ச ஃபோல்டர், அதனாலதான் அப்லோட் பண்ற ஜன்னல்ல எவ்வளவு துழாவினாலும் கண்ணுல படாது. ஜிப் மாதிரி மூட்டையைத் திறக்கிற வின்ரார் ஆப் கொஞ்சம் மரியாதையான ஆளு. படத்தை மாத்தினா, ஆர்க்கைவ்ல, அதாவது அந்த மூட்டைல, அப்டேட் பண்ணவான்னு ஒரு வார்த்தை கேக்கும். ஆனா வின்ராரை மூடினதும் அந்த டெம்ப் காப்பியைத் துடைச்சிடும். பழைய அவுட்லுக்ல அட்டாச்மென்டை நேரா திறந்தாலும் இதே கதைதான், அங்க ஃபோல்டர் பேர் 'கன்டென்ட் டாட் அவுட்லுக்'. டெம்ப்ல இருக்குன்னு தெரிஞ்ச உடனே முதல் வேலையா அந்த ஃபைலை காப்பி பண்ணி டாகுமென்ட்ஸ்ல போடுங்க. விண்டோஸ்ல இடத்தைக் காலி பண்ற டிஸ்க் கிளீனப்பும் ஸ்டோரேஜ் சென்ஸும் டெம்பையும் காலி பண்ணிடும்.

அடுத்தது ஒன்டிரைவ், மைக்ரோசாஃப்டோட ஆன்லைன் சேமிப்பு. ஐயோ, இதைப் பத்திப் பேசினா நான் நிறுத்த மாட்டேன், பொறுத்துக்கங்க. அதுல பேக்கப் ஆன் ஆகியிருந்தா உங்க கம்ப்யூட்டர்ல ரெண்டு பிக்சர்ஸ் ஃபோல்டர் இருக்கலாம். ஒண்ணு, யூசர்ஸ்ல உங்க பேருக்குக் கீழ நேரா. இன்னொண்ணு, உங்க பேர், ஒன்டிரைவ், பிக்சர்ஸ். ஸ்க்ரீன்ஷாட் எடுத்தா ரெண்டாவதுல இருக்கிற 'ஸ்க்ரீன்ஷாட்ஸ்' ஃபோல்டருக்குப் போகும். நீங்க முதலாவதுல தேடுவீங்க. பேரும் ஒண்ணு, ஐகானும் கிட்டத்தட்ட ஒண்ணு, ஒண்ணு காலி, ஒண்ணு ஃபுல்! யார் யோசிச்ச டிசைனோ. அதுவும் இலவசமா கிடைக்கிறது 5 ஜிபி. அது நிறைஞ்சதும் மெயில் ஸ்டோரேஜ் வரைக்கும் தொல்லை, காசு கட்டுன்னு நோட்டிஃபிகேஷன். ஸ்க்ரீன்ஷாட்டுக்கு 5 ஜிபியைச் செலவழிக்கணுமான்னு நீங்களே முடிவு பண்ணிக்கங்க. ஃபைலுக்குப் பக்கத்துல மேகம் மாதிரி ஐகான் இருந்தா, படம் உங்க டிஸ்க்லயே இல்ல, பேர் மட்டும்தான் இருக்கு. நெட் இல்லாம திறக்காது.

இப்போ எனக்குப் பிடிச்ச இடம். காப்பி ஆஸ் பாத் பண்ணோம்ல? அப்லோட் பட்டனைத் தட்டினா 'ஓப்பன்' ஜன்னல் வரும். ஃபோல்டர் ஃபோல்டரா போகவே போகாதீங்க. கீழ 'ஃபைல் நேம்'னு ஒரு பெட்டி இருக்கா, அதுல பேஸ்ட் பண்ணி என்டர். அவ்வளவுதான், ஏறிடுச்சு! ரெண்டு பக்கமும் மேற்கோள் குறி வருதே, எடுக்கணுமான்னு கேப்பீங்க. வேண்டாம், அதோடயே வேலை செய்யும். மறைச்ச ஃபோல்டரா இருந்தாலும் வேலை செய்யும். இதைப் பாக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு தனி சந்தோஷம்.

அடடா, பெயின்டை விட்டுட்டேனே, கேள்வியே அதுல இருந்துதானே வந்துச்சு. பெயின்ட்ல ஃபைல் மெனுல 'இமேஜ் ப்ராப்பர்ட்டீஸ்' இருக்கு, ஆனா அதுல அளவு, தேதிதான் வரும், ஃபோல்டர் வராது. அதனால விண்டோஸ் பட்டனோட ஆர் அழுத்துங்க, 'ரீசன்ட்'னு ஒரே வார்த்தை, ஆங்கிலத்துல டைப் பண்ணி என்டர். சமீபத்துல திறந்ததுக்கெல்லாம் ஷார்ட்கட் வரிசையா நிக்கும். உங்க படத்தோட பேர்ல ரைட் கிளிக், 'ஓப்பன் ஃபைல் லொகேஷன்'. லிஸ்ட் காலியா இருந்தா, செட்டிங்ஸ், பர்சனலைசேஷன், ஸ்டார்ட்ல போய் சமீபத்திய ஃபைல்களைக் காட்டுற ஸ்விட்ச் ஆஃப்ல இருக்கான்னு பாருங்க.

மத்த ஆப்பெல்லாம் வேகமா சொல்லிடறேன். இர்ஃபான்வியூல 'ஐ' எழுத்தை ஒரு தட்டு தட்டினா முழு பாத்தும் வந்துடும். வீட்டு உபயோகத்துக்கு இலவசம், தைரியமா போடுங்க. கிம்ப்ல ஃபைல் மெனுலயே 'ஷோ இன் ஃபைல் மேனேஜர்' இருக்கு. ஷார்ட்கட் கன்ட்ரோல், ஆல்ட், எஃப். போட்டோஷாப்ல மேல இருக்கிற டாகுமென்ட் டேப்ல ரைட் கிளிக் பண்ணா 'ரிவீல் இன் எக்ஸ்ப்ளோரர்', புது வெர்ஷன்கள்ல. மேக்ல ப்ரிவியூன்னா, டைட்டில்ல இருக்கிற பேர் மேல கமாண்ட் அழுத்திக்கிட்டு கிளிக் பண்ணுங்க, எந்த ஃபோல்டருக்குள்ள எந்த ஃபோல்டர்னு அடுக்கா இறங்கும். அதுல எதைத் தட்டினாலும் ஃபைண்டர்ல அங்க போயிடும். கமாண்ட் கிளிக்கைக் கண்டுபிடிச்ச மகராசன் நல்லா இருக்கணும்.

க்ரோம்ல படம் திறந்திருந்தா அட்ரஸ் பார்ல 'ஃபைல்'னு ஆரம்பிக்குதான்னு பாருங்க. அப்படின்னா படம் உங்க கம்ப்யூட்டர்லதான் இருக்கு, பாத்தும் அங்கயே இருக்கு. 'ஹெச்டிடிபிஎஸ்'னு ஆரம்பிச்சா அது வெப்சைட்ல இருக்கிற படம், நீங்க இன்னும் சேவே பண்ணல. டவுன்லோட் பண்ணதுதான்னா கன்ட்ரோல் ஜே அழுத்தி, அந்த ஃபைலுக்குப் பக்கத்துல இருக்கிற ஃபோல்டர் ஐகானைத் தட்டுங்க. ஃபைலுக்குத் தமிழ்ல பேர் வச்சிருந்தா, க்ரோம் அட்ரஸைக் காப்பி பண்ணி வேற இடத்துல ஒட்டும்போது ஒரே சதவீதக் குறியா வரும், ஒவ்வொரு எழுத்துக்கும் ஈ0 ஏஈ, ஈ0 ஏஎஃப்னு. வைரஸ்னு பயந்து ஒருத்தர் கேட்டிருந்தார். வைரஸ் இல்லங்க, தமிழ் எழுத்தோட யுடிஎஃப்-8 குறியீடு அப்படித்தான் ஆரம்பிக்கும். ஆனா அதை அப்லோட் ஜன்னல்ல ஒட்டாதீங்க, எடுத்துக்காம போகலாம். எக்ஸ்ப்ளோரர்ல காப்பி ஆஸ் பாத் பண்ணதை ஒட்டுங்க.

இன்னும் கிடைக்கலைன்னா கமெண்ட்ல "காணோம்"னு மட்டும் போடாதீங்க, தயவுசெஞ்சு. எந்த ஆப்ல திறந்திருக்கு, படம் எது வழியா வந்துச்சு, ஜிப்பா, மெயிலா, வாட்ஸ்அப்பா, இந்த ரெண்டையும் எழுதுங்க. பதில் போடுறேன்.