குணம் அல்ல, மூளையில் ஓர் இடம்

நேயர்களுக்கு அன்பான வணக்கம்.

நரம்பு டாக்டரிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் கை கால் இழுத்துக்கொண்டது, வாய் கோணிவிட்டது, ஃபிட்ஸ் வந்தது என்று சொல்லித்தான் வருவார்கள். இவையெல்லாம் கண்ணுக்குத் தெரிகிற அடையாளங்கள். பார்த்த உடனே யாராவது ஆட்டோ பிடிக்க ஓடுவார்கள். வேறு சில அறிகுறிகள் இருக்கின்றன. அங்கேயும் பழுதாகியிருப்பது மூளையின் ஓர் இடம்தான். ஆனால் வீட்டார் அதைக் குணக்கோளாறாக எடுத்துக்கொள்வார்கள். "அப்பாவுக்கு வீம்பு", "அம்மாவுக்குப் புத்தி பேதலித்துவிட்டது" என்று சொல்லிச் சொல்லியே நாள் போய்விடும். அப்படிப்பட்ட அறிகுறிகளைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

1861ஆம் ஆண்டு, பாரிஸை ஒட்டியிருந்த பிசெத்ர் மருத்துவமனை. லெபோர்ன் என்ற 51 வயது மனிதர் அங்கே 21 ஆண்டுகளாக இருந்தார். எதைக் கேட்டாலும் அவர் வாயிலிருந்து வந்தது "டான், டான்" என்ற ஓர் ஒலி மட்டுமே. மருத்துவமனையில் அவர் பெயரே டான் என்று ஆகிவிட்டது. உடன் இருந்தவர்களுக்கு அவரைப் பிடிக்காது. சுயநலக்காரர், வன்மம் பிடித்தவர் என்றார்கள். திருட்டுப் பழிகூடச் சுமத்தினார்கள். வலக்கையும் வலக்காலும் ஏற்கெனவே செயலிழந்திருந்தன. காலில் புரையோடிய புண்ணோடு அறுவை மருத்துவர் பால் ப்ரோக்காவிடம் அவரைக் கொண்டுவந்தார்கள்.

ப்ரோக்கா அவரிடம், இங்கே எத்தனை வருஷமாக இருக்கிறீர்கள் என்று கேட்டார். லெபோர்ன் இடக்கையை நான்கு முறை விரித்து மூடி, பிறகு ஒரு விரலைக் காட்டினார். ஐந்நான்கு இருபது, அதோடு ஒன்று. கணக்கு சரி! மறுநாளும் அதே கேள்வி, அதே பதில். இன்னொரு முறை கேட்டபோது, தன்னைச் சோதிக்கிறார்கள் என்று புரிந்துகொண்டு கோபப்பட்டார். அந்தக் கோபத்தில் வாயிலிருந்து ஒரு வசைச்சொல் மட்டும் தெளிவாக வந்தது. கேள்வி புரிகிறது, எண்ண முடிகிறது, நினைவும் இருக்கிறது. இல்லாதது பேச்சு ஒன்றுதான்.

சில நாளில் லெபோர்ன் இறந்துபோனார். மூளையைத் திறந்து பார்த்தபோது இடப்பக்கத்தில், நெற்றிக்குப் பின்னால் இருக்கும் மடலின் கீழ்ப்பகுதி சிதைந்திருந்தது. அதே மாதிரி இன்னும் பல நோயாளிகளைப் பார்த்தபின், 1865இல், நமக்குப் பேச்சு இடப்பக்க மூளையிலிருந்து வருகிறது என்று ப்ரோக்கா அறிவித்தார். அந்த இடத்துக்கு இன்றும் அவர் பெயர்தான். லெபோர்னின் மூளை இப்போதும் பாரிஸில் பாதுகாக்கப்பட்டிருக்கிறது. 2007இல் அதை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தார்கள். பழுது மேற்பரப்போடு நிற்காமல், பகுதிகளை இணைக்கும் நரம்பிழைகள் வரை ஆழமாகப் போயிருந்தது. ஆகவே ஓர் இடம், ஒரு வேலை என்று கறாராகக் கோடு போட்டுவிடக் கூடாது. அந்த இடத்துக்குப் போய்வரும் பாதைகளும் அதே அளவு முக்கியம்.

நம் வீடுகளில் இந்த நோயாளி எப்படி இருப்பார்? "மவன்... ஊரு... பஸ்சு..." என்று திக்கித் திணறுவார். சொல் கிடைக்காத தவிப்பு முகத்தில் அப்பட்டமாகத் தெரியும். ஆனால் ஒன்று, இரண்டு, மூன்று என்று நீங்கள் எடுத்துக்கொடுத்தால் பத்து வரை ஓட்டிவிடுவார். பழகிய பாட்டின் முதல் அடியைப் பாடினால் அடுத்த அடியை அவர் பாடுவார். அதைப் பார்த்துவிட்டு, "பாட வருது, பேச மட்டும் வராதா? எல்லாம் நடிப்பு" என்று சொல்கிற உறவினர்கள் உண்டு. நடிப்பே இல்லை. வாயில் ஊறிப்போன வரிகளுக்கும் பாட்டுக்கும் மூளையில் வேறு வழிகள் உண்டு. அவை தப்பியிருக்கின்றன, அவ்வளவுதான்.

இன்னொரு வகை இதைவிடக் கொடுமை. 1874இல் கார்ல் வெர்னிக்கே என்ற 26 வயது ஜெர்மானிய மருத்துவர் அதை விவரித்தார். இடக்காதுக்கு உள்ளே, சற்றே மேல்பக்கம் பின்னால் தள்ளி உள்ள பகுதியில் அடி விழுந்தால் பேச்சு தடைப்படாது. சரளமாக, ஏற்ற இறக்கத்தோடு கொட்டும். ஆனால் பொருள் இருக்காது, பாதிச் சொற்கள் அகராதியிலேயே இல்லாதவையாக இருக்கும். பிறர் பேசுவதும் அவருக்குப் புரியாது. கை கால் நன்றாக இயங்கும். நேற்று இரவு வரை நன்றாக இருந்த ஒருவர் காலையில் எழுந்து இப்படிப் பேசினால் வீட்டில் என்ன நினைப்பார்கள்? பைத்தியம் என்பார்கள், காற்று கருப்பு அடித்துவிட்டது என்பார்கள். மந்திரிக்கக் கூட்டிப்போவதும் நடக்கிறது. அங்கே கழிகிற மணிநேரங்களை நினைத்தால் எனக்கு மனசு பதைக்கிறது. ஏனென்றால் அது ஸ்ட்ரோக்காக, அதாவது மூளையின் ரத்தக்குழாய் அடைபட்டதாகவோ வெடித்ததாகவோ இருக்கலாம். ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். அதற்கு முன் சி.டி. ஸ்கேன் எடுத்து, மூளையில் ரத்தக் கசிவு இல்லை என்று உறுதிசெய்ய வேண்டும்.

இனி வலப்பக்க மூளை. அதன் மேல்பகுதி பழுதானால், சிலருக்கு உலகத்தின் இடப்பாதியே கவனத்தில் இருந்து விழுந்துவிடும். கண் பார்வை சரியாக இருந்தாலும் இது வரும். இலையின் இடப்பக்கம் வைத்த பொரியலும் கூட்டும் அப்படியே கிடக்கும். "இன்னும் போடு" என்பார். இலையைச் சுற்றி வைத்தால் அதையும் சாப்பிடுவார். வலக் கன்னத்தில் மட்டும் சவரம் செய்துகொள்வார். இடப்பக்கம் உட்கார்ந்து பேசும் மகளைத் திரும்பியே பார்க்கமாட்டார். "என்மேல அப்பாவுக்கு என்ன கோபம்?" என்று அந்த மகள் அழுவாள். வலப்பக்கம் வந்து உட்காரும்மா என்று சொன்னால் போதும், அப்பா முகம் மலரும்.

1978இல் இத்தாலியில் பிசியாக், லுசாட்டி என்ற இரண்டு ஆய்வாளர்கள், மிலான் நகரத்தைச் சேர்ந்த இத்தகைய நோயாளிகளிடம் ஒன்று கேட்டார்கள். பேராலயச் சதுக்கத்தில், ஆலயத்தைப் பார்த்து நிற்பதாக நினைத்துக்கொண்டு, தெரிவதைச் சொல்லுங்கள். அவர்கள் வலப்பக்கக் கட்டடங்களையே சொன்னார்கள். இப்போது ஆலய வாசலில் நின்று சதுக்கத்தைப் பாருங்கள் என்றதும், சற்றுமுன் விட்ட கட்டடங்களைச் சொன்னார்கள், முன்பு சொன்னவற்றை விட்டுவிட்டார்கள். கண்ணை மூடி நினைத்துப் பார்க்கும்போதும் இடப்பக்கம் இல்லை! இதைவிடத் துல்லியமாக இந்தக் குறையைக் காட்டிய சோதனை எனக்குத் தெரிந்து வேறில்லை.

இந்த வலப்பக்க மூளை நோயாளிகளில் சிலர், செயலிழந்த இடக்கையை நன்றாகத்தான் இருக்கிறது என்று சாதிப்பார்கள். பாபின்ஸ்கி என்ற பிரெஞ்சு நரம்பு டாக்டர் 1914இல் இதற்குப் பெயரே வைத்தார். அப்படிச் சாதிக்கும் நோயாளியிடம் வாதாடாதீர்கள். குறையை உணர வேண்டிய பகுதியும் சேர்ந்து அடிபட்டிருக்கிறது. எழுந்து நடக்கப்போய் விழுவார், ஆகவே ஆள் பக்கத்தில் இருக்க வேண்டும்.

வீட்டில் திடீரென்று இப்படி நடந்தால் முதலில் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். கண்டுபிடித்த நேரம் மட்டும் போதாது, கடைசியாக அவர் நன்றாக இருந்தது எப்போது என்பது வேண்டும். சர்க்கரை நோயாளி என்றால் சர்க்கரை இறங்கினாலும் பேச்சு குழறும். மெஷின் இருந்தால் பாருங்கள், ஆனால் அதற்காகத் தாமதிக்காதீர்கள். 108ஐக் கூப்பிடுங்கள். மாத்திரை, தண்ணீர், சோடா எதையும் வாயில் ஊற்ற வேண்டாம், புரையேறும். மருத்துவரிடம் "ஒரு மாதிரியா பேசுறார்" என்று நிறுத்தாமல், அவர் சொன்னதை அப்படியே சொல்லுங்கள். செல்போனில் ஒரு நிமிடம் பதிவு செய்திருந்தால் இன்னும் நல்லது. திணறினாரா, சரளமாக உளறினாரா என்பதிலிருந்தே எந்த இடம் என்று பாதி தெரிந்துவிடும்.

பேச்சு போனவர் வீடு திரும்பியபின், அவரிடம் உரக்கக் கத்தாதீர்கள். காது நன்றாகத்தான் கேட்கிறது. சின்ன வாக்கியமாக, ஒரு நேரத்தில் ஒருவராகப் பேசுங்கள். காபியா டீயா என்று கேட்டு, இரண்டு டம்ளரையும் காட்டுங்கள். பதிலுக்குக் காத்திருங்கள், சொல்லை நீங்களே முந்திக்கொண்டு முடித்துவிடாதீர்கள். பேச்சுப் பயிற்சியை ஆறு மாதத்தோடு நிறுத்திவிடுகிற குடும்பங்கள் நிறைய. முதல் சில மாதங்களில் வேகமாக முன்னேறுவார் என்பது உண்மைதான். ஆனால் அதற்கப்புறமும், வருடங்கள் கழித்தும், சொற்கள் ஒன்றிரண்டாகத் திரும்பி வந்துகொண்டிருக்கும்.

வணக்கம்.