மதுரை ஏன் ஒரு மலையாள வக்கீலை ‘ரோசாப்பூ துரை’ என்று கூப்பிட்டது?

மதுரை யானைக்கல்லில் ஒரு சிலை இருக்கிறது. பஸ்ஸில் அதைத் தாண்டிப் போகாத மதுரைக்காரர் இல்லை. அவர் யார் தெரியுமா? ஓட்டு உரிமை இல்லாதவர்களுக்காக வாதாடிவிட்டு, பிறகு ஓட்டில் ஜெயித்தவர்!

பாரிஸ்டர் ஜார்ஜ் ஜோசப். 1887இல் செங்கன்னூரில் பிறந்தார். எடின்பரோவில் படிப்பு, லண்டனில் சட்டம், 1909இல் நாடு திரும்பி, அப்புறம் மதுரையில் வக்கீல் தொழில். செங்கன்னூர் அன்றைக்குத் திருவிதாங்கூர் சமஸ்தானம். வேறு ராஜா, வேறு பாஷை.

சரி, பிழைக்க வந்த வக்கீல்கள் எத்தனையோ பேர். இவரை மட்டும் மக்கள் ஏன் கொண்டாடினார்கள்?

உசிலம்பட்டிப் பக்கம் போவோம். குற்றப் பரம்பரைச் சட்டம் என்று ஒன்று இருந்தது. ஊர் வாயில் அது ‘ரேகைச் சட்டம்’. திருடினாயா என்ற கேள்வியே கிடையாது. பிறமலைக் கள்ளராகப் பிறந்தால் போதும், பத்து விரலிலும் மை தடவிப் பதிவு செய்வார்கள். ராத்திரியானால் போலீஸ் கண் முன்னால் போய்ப் படுக்க வேண்டும். தாலி கட்டிய அன்றைக்கும் மாப்பிள்ளைக்கு விலக்கு இல்லை என்று பெரியவர்கள் சொல்வார்கள். வெளியூர்ச் சந்தையில் மாடு பிடிக்கப் போகிறவர் மடியில் பணம் இருந்தால் மட்டும் போதாது, வெளியூர் போக அனுமதி தரும் ‘ராதாரிச் சீட்டு’ இருக்க வேண்டும். இல்லையென்றால் கைது. இதைச் சொல்லும்போதே எனக்கு நெஞ்சு கொதிக்கிறது. 1920 ஏப்ரல் 3, பெருங்காமநல்லூரில் ரேகை வைக்க மாட்டோம் என்று நின்றவர்கள் மேல் துப்பாக்கிச் சூடு நடந்தது.

இந்தச் சட்டத்தை எதிர்த்து எழுதினார் ஜோசப், கோர்ட்டில் வாதாடினார். ஜோசப் என்ற பேர் கிராமத்து நாக்கில் ‘ரோசாப்பு’ ஆகி, ‘ரோசாப்பூ துரை’ ஆனது என்பார்கள். கோட்டில் ரோஜா குத்தியிருந்ததால் வந்த பேர் என்றும் சொல்வதுண்டு. எனக்குப் பிடித்தது முதல் கதைதான். அந்நியப் பேரை மக்கள் தங்கள் வாய்க்குத் தக்கபடி வளைத்துக்கொண்டார்கள் பாருங்கள், அது பட்டம் கொடுப்பதைவிடப் பெரிசு.

நடுவில் மதுரை மில் தொழிலாளர் சங்கம், வைக்கம் சத்தியாகிரகம், சிறை. ஒவ்வொன்றுக்கும் தனி வீடியோ போடலாம்.

1937இல் காங்கிரஸ் வேட்பாளராக மத்திய சட்டசபைக்கு ஜெயித்தார். இதைக் கவனியுங்கள்: அன்றைக்குச் சொத்து, வரி என்று கணக்குப் பார்த்துத்தான் ஓட்டு. அவர் யாருக்காக வாதாடினாரோ, அவர்களில் பெரும்பாலோருக்கு ஓட்டே இல்லை. ஓட்டுக்காகச் செய்த வேலை இல்லை அது.

ஜெயித்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. 1938 மார்ச்சில், 50 வயதில், மதுரையிலேயே இறந்துபோனார். ரேகைச் சட்டம் ஒழிந்த 1947ஐ அவர் பார்க்கவில்லை.

உங்கள் வீட்டில் ரோசாப்பூ என்று பேர் வைத்தவர் யாராவது உண்டா? ரேகை வைத்த தாத்தாவின் கதை தெரியுமா? கமெண்டில் எழுதுங்கள், ஒன்று விடாமல் படிப்பேன்.