காரை ஸ்டார்ட் செய்வதால் பேட்டரி தீர்வதில்லை! சும்மா நிறுத்தி வைப்பதால்தான் தீர்கிறது

வணக்கம்! ஒரு சின்னக் கேள்வி. உங்கள் காரை ஒருமுறை ஸ்டார்ட் செய்ய, பேட்டரியில் உள்ள மின்சாரத்தில் எத்தனை பங்கு செலவாகிறது? பத்தில் ஒரு பங்கா, இருபதில் ஒரு பங்கா? மனத்துக்குள் ஒரு விடையை வைத்துக்கொள்ளுங்கள்.

சரியான விடை: ஆயிரத்தில் இரண்டு பங்குகூட இல்லை.

நம்பவில்லையா? கணக்கைத் திரையிலேயே போட்டுக் காட்டுகிறேன். அதற்கு முன் பின்கதையை ஒரே மூச்சில் முடித்துவிடுகிறேன். ஈயத் தகடும் கந்தக அமிலமும் கொண்ட இந்த பேட்டரியை 1859இல் பிரான்சில் கஸ்தோன் பிளாந்தே உருவாக்கினார். 1912இல் காடிலாக் கார்களில் மின்சார ஸ்டார்ட்டர் வந்தது; கைப்பிடியைச் சுழற்றிக் கை உடைந்த காலம் முடிந்தது. வரலாறு போதும், கணக்குக்கு வருவோம்.

(திரையில்: பானெட் திறந்த சிறிய கார், பேட்டரியின் மேல் ஒட்டியுள்ள சீட்டு)

கோலாலம்பூரில் எந்தத் தெருவில் நின்றாலும் கண்ணில் படும் மைவி மாதிரியான சிறிய காரை எடுத்துக்கொள்வோம். அதன் பேட்டரி ஏறக்குறைய 35 ஆம்பியர்-மணி; அதாவது, ஒரு ஆம்பியர் வீதம் 35 மணி நேரம் தரக்கூடிய அளவு. ஸ்டார்ட் செய்யும்போது மோட்டார் சுமார் 150 ஆம்பியர் இழுக்கிறது. கேட்கவே பயமாக இருக்கிறது. ஆனால் எவ்வளவு நேரம் இழுக்கிறது? ஒன்றரை வினாடி. 150ஐ ஒன்றரையால் பெருக்கி, ஒரு மணி நேரத்தின் 3,600 வினாடிகளால் வகுத்துப் பாருங்கள். 0.06 ஆம்பியர்-மணி. அவ்வளவுதான்! ஓடத் தொடங்கிய பிறகு, இன்ஜின் சுழற்ற மின்சாரம் தயாரிக்கும் ஆல்டர்னேட்டர் 10 ஆம்பியர் கொடுத்தாலே, அந்தச் செலவு அரை நிமிடத்தில் ஈடாகிவிடும். உங்கள் குடியிருப்பின் காவலர் தடுப்புக் கம்பத்தைத் தூக்குவதற்குள் கணக்கு நேர்.

"பக்கத்துக் கடைக்குப் போய்வந்தால், ஸ்டார்ட் செய்த மின்சாரம்கூடத் திரும்பி ஏறாது" என்று யாராவது சொன்னால் இந்த வீடியோவை அனுப்பி வையுங்கள்.

அப்படியானால், குறைந்த தூரம் ஓட்டுபவர்களின் பேட்டரி ஏன் சீக்கிரம் சாகிறது? சாகிறது என்பது உண்மை, அதில் எனக்கு மறுப்பே இல்லை. நாம் பழி போடும் இடம்தான் தவறு.

காரைப் பூட்டிவிட்டு வீட்டுக்குள் போகிறீர்கள். கார் முழுதாகத் தூங்குவதில்லை. திருட்டு எச்சரிக்கை மணி, சாவியின் சமிக்ஞைக்குக் காத்திருக்கும் கருவி, கடிகாரம், ரேடியோவின் நினைவகம் எல்லாம் விழித்திருக்கின்றன. எல்லாம் சேர்ந்து 30 மில்லி ஆம்பியர் குடிக்கலாம். இது பழுதில்லை, 20 முதல் 50 வரை பல கார்களில் இயல்பான அளவுதான். ஆனால் 24 மணி நேரமும் குடிக்கிறதே! ஒரு நாளில் 0.72 ஆம்பியர்-மணி.

இதை முதன்முதலில் கணக்கிட்டபோது எனக்கு வியப்பு அடங்கவில்லை. ஒரு நாள் சும்மா நிற்கும் கார் செலவழிக்கும் மின்சாரத்தில் அதைப் பதினோரு முறை ஸ்டார்ட் செய்யலாம். ஒரு மாதம் நின்றால் 21 ஆம்பியர்-மணிக்கு மேல் போய்விடும். 35இல் 21! பேட்டரி பழையதாகி, 20 ஆம்பியர்-மணிதான் தேக்கும் நிலையில் இருந்தால், மிச்சம் என்று சொல்ல ஒன்றுமே இல்லை. கொரோனா பரவலால் 2020 மார்ச் 18 அன்று நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியபோது நாடு முழுவதும் கார்கள் வாரக்கணக்கில் அப்படியே நின்றன. பிறகு சாவியைத் திருப்பியதும் "டிக்" என்ற ஒலியோடு நின்றுபோன கார்கள் எத்தனை! அந்த "டிக்" கேட்டவர்கள் கருத்துப் பெட்டியில் கை தூக்குங்கள்.

இப்போது நம் ஊர் வாழ்க்கையைப் பார்ப்போம். வார நாள்களில் எல்.ஆர்.டி. அல்லது எம்.ஆர்.டி. ரயிலில் வேலைக்குப் போகிறோம். கார் கீழே நிற்கிறது. ஞாயிற்றுக்கிழமை செந்தூலில் இருந்து ஜாலான் ஈப்போ வரை சந்தைக்கு, அங்கிருந்து கோயிலுக்கு, மீண்டும் வீட்டுக்கு. மொத்தம் இருபது நிமிட ஓட்டம். வாரம் முழுவதும் கசிந்தது ஏறக்குறைய 5 ஆம்பியர்-மணி. இருபது நிமிடத்தில் ஏறுவது, தாராளமாகக் கணக்கிட்டாலும், 2. மீதி 3 துண்டு விழுகிறது.

"இருபது நிமிடத்தில் ஏன் 2 மட்டும்? ஆல்டர்னேட்டர் 60 ஆம்பியர் தருமே!" என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி. இந்த வீடியோவில் எனக்கு மிகவும் பிடித்த பகுதியே இதற்கான பதில்தான்.

(திரையில்: தே தாரிக் ஆற்றும் கைகள், கண்ணாடிக் குவளையில் எழும்பும் நுரை)

மாமாக் கடையில் தே தாரிக் ஊற்றுபவரைக் கவனித்திருப்பீர்கள். குவளையின் முக்கால் பாகம் ஒரே வீச்சில் நிரம்பிவிடும். அதன் பிறகு நுரை எழும்பி விளிம்பைத் தொடும். அப்போது கையை அடக்கி, நுரை அமர அமரக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஊற்ற முடியும். கலத்தில் எவ்வளவு தேநீர் இருந்தாலும் வேகத்தைத் தீர்மானிப்பது குவளைதான். பேட்டரியும் அப்படியே. வெறுமையாக இருக்கும்போது வேகமாக வாங்கிக்கொள்ளும். 80 விழுக்காட்டைத் தாண்டியதும் அதன் உள் மின்னழுத்தம் ஏறி, ஆல்டர்னேட்டரின் 14 வோல்ட்டை நெருங்கிவிடும். தள்ளும் விசை குறையும், உள்ளே போகும் மின்னோட்டமும் சில ஆம்பியர்களுக்கு இறங்கிவிடும். கடைசி 20 விழுக்காட்டை நிரப்பப் பல மணி நேரம் வேண்டும். நிமிடங்கள் இல்லை, மணி நேரங்கள்!

ஆகவே, ஞாயிறு மட்டும் ஓடும் காரின் பேட்டரி உடனே தீர்ந்துபோவதில்லை. கொஞ்சம் இறங்கியதும் வேகமாக வாங்கிக்கொள்கிறது, மீண்டும் கசிகிறது, மீண்டும் வாங்குகிறது. கடைசியில் அரைகுறை நிலையில் போய் நின்றுவிடுகிறது. அங்கேதான் ஆபத்து. அரைகுறையாக நிற்கும் பேட்டரியில் ஈயத் தகடுகளின்மேல் ஈய சல்பேட் படிகிறது. சீக்கிரம் நிரப்பினால் அது கரைந்துவிடும். மாதக்கணக்கில் விட்டால் கெட்டிப் படிகமாகிவிடும். அதன் பிறகு எந்த சார்ஜரும் அதை முழுதாகக் கரைக்காது. தகட்டின் அந்தப் பரப்பு போனது போனதுதான்.

தினமும் ஓட்டுபவர்கள் நிம்மதியாக இருக்கலாமா? சாலை காலியாக இருந்தால் இருக்கலாம். மாலை ஆறரை மணிக்கு மழையில் கூட்டரசு நெடுஞ்சாலையில் நிற்பவர்கள் முடியாது. முகப்பு விளக்கு, மழைத் துடைப்பான், பின் கண்ணாடியின் பனி நீக்கி, ஏர்கானின் காற்றாடி, ரேடியேட்டர் காற்றாடி எல்லாம் ஒரே நேரத்தில் ஓடுகின்றன. ஏர்கான் கம்ப்ரசரைச் சுழற்றுவது பெரும்பாலான கார்களில் இன்ஜினின் பெல்ட்தான், மின்சாரம் இல்லை. ஆனால் அதற்காகச் சுழலும் காற்றாடிகள் நிறைய மின்சாரம் இழுக்கும். இன்ஜினோ நின்ற இடத்தில் மெல்ல உறுமுகிறது. அந்தச் சுழற்சியில் ஆல்டர்னேட்டர் தன் முழுத் திறனில் பாதியைத் தருவதே அரிது. பேட்டரிக்கு மிஞ்சுவது சொற்பம். சில நேரங்களில் பேட்டரியிலிருந்தே எடுக்க வேண்டி வரும். வாசலில் பத்து நிமிடம் காரை ஓடவிட்டு "சார்ஜ் ஏற்றும்" வழக்கமும் இதனால்தான் பெரிய பயன் தருவதில்லை. மூடிய கொட்டகையில் அதைச் செய்யவே செய்யாதீர்கள். புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு உயிரைப் பறிக்கும்.

வெப்பத்தைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். இணையத்தில் கிடைக்கும் பேட்டரி அறிவுரைகளில் பெரும்பகுதி பனி நாட்டுக்காரர்கள் எழுதியது. குளிரில் ஸ்டார்ட் செய்வது கடினம், அது அவர்களுடைய சிக்கல். நமக்கு வேறு. வெப்பம் 10 டிகிரி கூடினால் வேதிவினை ஏறக்குறைய இரட்டிப்பாகும். தகட்டின் அரிப்பும் தானாகத் தீரும் வேகமும் அதோடு கூடும். இங்கே பேட்டரி இரண்டு ஆண்டு உழைத்தாலே நல்ல உழைப்பு என்று பட்டறையில் சொல்வது அதனால்தான். இன்னொரு விஷயம் உண்டு. நம் ஊரில் இன்ஜின் எப்போதும் வெதுவெதுப்பாக இருப்பதால், நோயுற்ற பேட்டரிகூட எளிதாக ஸ்டார்ட் செய்துவிடும். நேற்று மாலை வரை நன்றாக இருந்தது, இன்று காலை உயிரே இல்லை என்று பலர் புலம்புவது இதனால்தான்.

எனவே வாங்க வேண்டிய முதல் பொருள், வோல்ட்டை அளக்கும் ஒரு சாதாரண மல்டிமீட்டர். காரை இரவு முழுக்க நிறுத்திவிட்டு, காலையில் ஸ்டார்ட் செய்வதற்கு முன் அளந்து பாருங்கள். 12.6 வோல்ட்டுக்கு மேல் இருந்தால் நிறைவு. 12.4 என்றால் முக்கால், 12.2 என்றால் பாதி. 12.0க்கு இறங்கிவிட்டால் அன்றே கவனியுங்கள். பிறகு இன்ஜினை ஓடவிட்டு அளங்கள், 13.8 முதல் 14.5 வரை காட்டினால் ஆல்டர்னேட்டர் நலம். சில புதிய கார்கள் எரிபொருளை மிச்சப்படுத்த இதை வேண்டுமென்றே ஏற்றி இறக்கும், பதற வேண்டாம். புது பேட்டரி வாங்குங்கள் என்று யார் சொன்னாலும், இந்த இரண்டு எண்களையும் பார்க்காமல் பணத்தை எடுக்காதீர்கள்.

இனி மருந்து. வாரம் ஒருமுறை நிற்காமல் ஒரு மணி நேர ஓட்டம் என்பது பலரும் சொல்வது. செந்தூலில் இருந்து பத்துமலைக்குப் போய்வருவது இதில் சேராது, மிகவும் பக்கம். ஞாயிறு காலை ஜாலான் டூத்தா வழியாக வடக்கு நெடுஞ்சாலையைப் பிடித்து ரவாங் போய்வாருங்கள், அல்லது சிரம்பானில் உறவினர் வீட்டில் சாப்பிட்டுவிட்டுத் திரும்புங்கள். போகும் வேலை இருந்தால் அருமை. பேட்டரிக்காக மட்டும் பெட்ரோலையும் டோலையும் செலவழிப்பதை நான் ஆதரிக்க மாட்டேன். நுரைக் கணக்கை நினைத்துப் பாருங்கள். ஒரு மணி நேரத்தில்கூடக் கடைசிப் பகுதி நிரம்பாது.

என் தேர்வு தானியங்கி சார்ஜர்தான். 4 ஆம்பியர் அளவு போதும். வீட்டுச் சுவரில் செருகி, இரவு முழுக்க விட்டால் அவசரமில்லாமல் விளிம்புவரை நிரப்பி, தானாகவே அடங்கிக்கொள்ளும். மாதம் ஒருமுறை செய்தாலும் பேட்டரி உங்களை வாழ்த்தும். சிவப்புக் கவ்வியை நேர்முனையில் மாட்டுங்கள். கறுப்பை இன்ஜினின் வெற்று உலோகத்தில் மாட்டுங்கள். அதன் பிறகே சுவர் மின்சாரம். காற்றோட்டம் வேண்டும், பக்கத்தில் நெருப்பு கூடாது. சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வெளிவரும். சிவப்பு விளக்கில் இன்ஜின் தானாக அணையும் வகைக் காராக இருந்தால், அடிக்கடி ஸ்டார்ட் ஆவதைத் தாங்கும் ஈ.எஃப்.பி. அல்லது ஏ.ஜி.எம். வகை பேட்டரிதான் போட வேண்டும், சார்ஜரிலும் அந்த வகையைத் தேர்வு செய்ய வேண்டும்.

தரை வீட்டுக்காரர்களுக்கு இது சுலபம். அடுக்ககத்தில் இருப்பவர்களே, உங்கள் முணுமுணுப்பு எனக்குக் கேட்கிறது! மூன்றாம் நிலக்கீழ்த் தளத்தில் சார்ஜரைச் செருக மின் இணைப்பு எங்கே இருக்கிறது? டேஷ்போர்டில் வைக்கும் சிறிய சூரியத் தகடும் அங்கே உதவாது. இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, பேட்டரியைக் கழற்றி மேலே கொண்டுபோவது. ஏறக்குறைய 10 கிலோ இருக்கும். சாய்க்காமல் தூக்க வேண்டும், பால்கனியில் வைத்து ஏற்ற வேண்டும். கழற்றும்போது எதிர்முனை முதலில், மாட்டும்போது அது கடைசியில். இரண்டாவது வழி, கசிவைக் குறைப்பது. டேஷ்கேம் நிறுத்துமிடத்திலும் படம் பிடிக்கும்படி வைத்திருந்தால், காரின் இயல்பான கசிவைப் போலப் பத்து மடங்கு இழுக்கக்கூடும், அதை அணையுங்கள். பொத்தான் அழுத்தி ஸ்டார்ட் செய்யும் காரென்றால், சாவியைக் காருக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். டிசம்பர் விடுமுறைக்குத் தமிழ்நாடு போகிறீர்களா? எதிர்முனையைக் கழற்றிவிட்டுப் போங்கள். சாவிக்குள் மறைந்திருக்கும் உலோகச் சாவி கதவைத் திறக்கிறதா என்று மட்டும் புறப்படுவதற்கு முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

மற்றவை வேகமாக: முனைகளில் வெள்ளை, பச்சைப் பொடி இருந்தால் சமையல் சோடா கலந்த வெந்நீரால் துடைத்து இறுக்குங்கள். மூடி திறக்கும் பேட்டரியில் காய்ச்சி வடித்த நீர் மட்டும், குழாய் நீர் வேண்டாம். மின்சாரக் காரிலும் பெரும்பாலும் ஒரு 12 வோல்ட் பேட்டரி தனியாக இருக்கிறது. அது தீர்ந்தால் அந்தக் காரும் நகராது. வேறு காரிலிருந்து கம்பி இழுத்து ஸ்டார்ட் செய்தால் அன்றிரவே சார்ஜரில் போடுங்கள், பதினைந்து நிமிட ஓட்டத்தை நம்பாதீர்கள். பழைய பேட்டரியைக் குப்பையில் எறிய வேண்டாம். கடையில் கொடுத்தால் புதியதன் விலையில் கழித்துக்கொள்வார்கள், ஈயமும் மறுசுழற்சிக்குப் போகும்.

நாளைக் காலை அளந்து, அந்த எண்ணையும் பேட்டரியின் வயதையும் கருத்துப் பெட்டியில் எழுதுங்கள். அடுக்ககத்தில் இருப்பவர்கள் இன்னொன்றையும் எழுத வேண்டும். உங்கள் நிர்வாகம் கார் நிறுத்துமிடத்தில் சார்ஜரைச் செருக மின் இணைப்பு வைக்க ஒப்புக்கொண்டிருக்கிறதா? ஒப்புக்கொண்டிருந்தால், அவர்களிடம் எப்படிக் கேட்டீர்கள், மின்கட்டணத்தை யார் கட்டுகிறார்கள்? அந்தப் பதில்களைத் திரட்டி அடுத்த வீடியோவைச் செய்யப்போகிறேன்.