விஷத்தைக் கண்டால் விளக்கேற்றும் பாக்டீரியா

நேயர்களுக்கு வணக்கம்.

மாணவனாக இருந்தபோது ஓர் இரவு, ஆய்வகத்தில் விளக்கை அணைத்துவிட்டு ஒரு குடுவையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். உள்ளே கடல்மீனிலிருந்து எடுத்து வளர்த்த பாக்டீரியா. முதலில் ஒன்றும் தெரியவில்லை. கண் இருட்டுக்குப் பழகியதும் மங்கலான நீலப்பச்சை வெளிச்சம் தெரிந்தது. குடுவையைக் குலுக்கினேன், வெளிச்சம் கூடியது. அது ஒளிர ஆக்சிஜன் வேண்டும். குலுக்கும்போது காற்று கலக்கிறது, அவ்வளவுதான்.

அந்த ஒளிக்குரிய மரபணுக்களை எடுத்து வேறொரு பாக்டீரியாவுக்குள் வைக்கலாம். வைத்து என்ன செய்வது? நிலத்தடி நீரில் ஆர்செனிக் என்ற விஷம் இருக்கிறதா என்று பார்க்கலாம்.

நம் குடலில் வாழும் இ.கோலி என்ற பாக்டீரியாவுக்கும் ஆர்செனிக் விஷம்தான். உள்ளே வந்தால் வெளியே இறைத்துத் தள்ள அதனிடம் ஒரு பம்பு உண்டு. ஆனால் தேவையில்லாதபோது பம்பு செய்வது வீண் செலவு. அதனால் அந்த மரபணுக்களின் வாசலிலேயே ஒரு புரதம் உட்கார்ந்து வழியை மறித்துக்கொண்டிருக்கும். ஆர்செனிக் வந்து ஒட்டினால்தான் அது எழுந்து வழிவிடும். அந்த வாசலுக்குப் பின்னால் ஒளி மரபணுக்களை வைத்துவிட்டால், ஆர்செனிக் வந்ததும் விளக்கு எரியும். கண்ணுக்குத் தெரியும் அளவு வெளிச்சம் வராது; ஒளியை அளக்கும் சிறு கருவி வேண்டும்.

சரி, கிணற்றுத் தண்ணீரில் இது பலிக்குமா? வியட்நாமில் செவ்வாற்று, மீகாங் டெல்டாக்களிலிருந்து 194 நிலத்தடி நீர் மாதிரிகளை ஆய்வாளர்கள் எடுத்துப் பார்த்து, 2005இல் முடிவை வெளியிட்டார்கள். அங்கே தொல்லை கொடுத்தது இரும்பு. அடிபம்பில் அடித்த தண்ணீரைக் கொஞ்ச நேரம் வைத்தால் காவி நிறத்தில் அடியில் படியுமே, அதுதான். ஆர்செனிக் அந்தக் காவியோடு ஒட்டிக்கொள்ளும். தண்ணீரில் விஷம் இருந்தும் பாக்டீரியாவுக்குள் போகாது. போகாததைப் பற்றி அது எப்படிச் சொல்லும்? இதைச் சமாளிக்கவே தனியாக ஒரு செய்முறை வகுக்க வேண்டியிருந்தது.

குடிநீரில் ஆர்செனிக்குக்கு உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம். பாக்டீரியா 7லிருந்தே நன்றாக வேலை செய்தது. 10லிருந்து 100 வரை ஆர்செனிக் கூடக்கூட ஒளியும் அதே கணக்கில் கூடியது. ஆய்வகக் கருவியோடு ஒப்பிட்டபோது, நல்ல தண்ணீரைக் கெட்டது என்றது சராசரியாக 2.4 சதவீதம். கெட்டதை நல்லது என்றது 8 சதவீதம்.

காகிதத்தில் மாறும் நிறத்தைக் கண்ணால் பார்த்து மதிப்பிடும் ரசாயனப் பெட்டிகளைவிட இது எவ்வளவோ மேல். இருந்தாலும் அந்த 8 எனக்கு உறுத்துகிறது. நல்ல கிணற்றை மூடினால் இன்னொரு கிணற்றுக்கு நடக்கலாம். கெட்ட கிணற்றுக்குக் குடிக்கலாம் என்று பச்சைப் பெயின்ட் அடித்துவிட்டால், அந்த வீட்டுக்காரர் வருடக்கணக்கில் அதையே குடிப்பார்.

என்னிடம் பொறுப்பைக் கொடுத்தால், ஊர் முழுக்க முதலில் பாக்டீரியாவை வைத்துப் பார்த்துவிட்டு, 10ஐ ஒட்டி வரும் கிணறுகளின் தண்ணீரை மட்டும் ஆய்வகத்துக்கு அனுப்புவேன். அப்புறம், பயன்படுத்திய குப்பிகளைத் திறந்து வாய்க்காலில் கொட்ட விடமாட்டேன். மரபணு மாற்றிய உயிர் அது. கொன்ற பிறகுதான் குப்பைக்குப் போக வேண்டும்.

கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு நன்றி. வணக்கம்.